ஒரு முட்டிக்கு மூன்று வயது

ஜசீலுக்கு அந்த வருஷம் ஒரே நேரத்தில் மூன்று வயதுகள் இருந்தன. ஃபால்கன்ஸ் கிளப் செக்ரட்டரி அலவிக்குட்டியின் ஃபைலில் பதினைந்து. எளாப்பா, அதாவது சித்தப்பா, பீரான்குட்டியின் இரும்பு அலமாரிக்குள் இருந்த பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டு. பெற்றவள் கதீசக்குட்டியின் மனதில் பத்தொன்பது. ஆனால் மனதில் யாரும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை என்பதால் அந்த வயதுக்கு ஊரில் மதிப்பில்லை.

பதினைந்துக்குக் காரணம், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான செவன்ஸ் கோப்பை. மலப்புறத்தில் ஊருக்கு ஊர் ஏழு பேர் பந்தாட்டம் நடக்கும். ஜசீலின் ஊரான வெள்ளிலக்கடவுக்கு மட்டும் இருபது வருஷமாக ஒரு கோப்பையும் வந்ததில்லை. அலவிக்குட்டி செக்ரட்டரி ஆனதும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, வயதைக் குறைத்தார். ஆட்டம் உள்ள நாள் காலையில் அணி முழுவதும் முடிவெட்டும் கடைக்குப் போய் மீசையை எடுத்துக்கொண்டு வரும். எதிரணிக்காரர்களும் அதே கடையில்தான் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆகையால் யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

இருபத்திரண்டுக்குக் காரணம் சவுதி. டிரைவர் விசாவுக்கு இருபத்தொன்று முடிந்திருக்க வேண்டும். ஜசீலின் வாப்பா இறந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய தம்பி பீரான்குட்டி. அவர் பார்த்துக்கொள்ளும் விதத்தில் மற்றவர்கள் மூச்சு விடுவதற்கும் அவரைக் கேட்க வேண்டும். ஏஜெண்டிடம் சொல்லி அண்ணன் மகனுக்கு மூன்று வயதைக் கூட்டி வாங்கியது அவர்தான்.

நான் மஞ்சேரி ரோட்டில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை சிஸ்டர். நாகர்கோவிலிலிருந்து வந்து இருபத்தாறு வருஷம். இந்த ஊர்க் கால்களில் பாதி என் கையால் கட்டுப் போட்டவை.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஜசீல் பந்தோடு திரும்பினான், இடது பாதம் மண்ணில் ஊன்றியது ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. முட்டிச்சில்லு வெளிப்பக்கமாகச் சறுக்கிப் போய் காலின் ஓரத்தில் நின்றது. கிளப்பின் பயிற்சியாளர், காலை மெல்ல நீட்டி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். அதுவரை நடந்தது பரவாயில்லை.

"உள்ள போயிருச்சா?" என்று கேட்டார் அலவிக்குட்டி.

"போயிருச்சு."

"அப்போ எழுந்திருடா மோனே. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

எட்டு நிமிஷம் ஆடினான். ஜெயித்தார்கள். மறுநாள் காலை முட்டி இளநீர்க்காய் அளவுக்கு வீங்கி, அவனை ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் அலவிக்குட்டி, மறுபக்கம் பீரான்குட்டி, பின்னால் கதீசக்குட்டி. இறுதி ஆட்டத்துக்கு இருபது நாள். சவுதி விமானத்துக்கு இருபத்தாறு நாள். முட்டியைத் தவிர எல்லாவற்றுக்கும் தேதி குறித்தாகிவிட்டது.

டாக்டர் ரோசம்மா ஈப்பன் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்கக் கோழிக்கோட்டுக்கு அனுப்பினார். புதன்கிழமை படத்தோடு திரும்பி வந்தார்கள். நான் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

"பேரு?"

"ஜசீல்."

"வயசு?"

"பதினஞ்சு," என்றார் அலவிக்குட்டி.

"இருபத்திரண்டு," என்றார் பீரான்குட்டி.

ஜசீல் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தான். அவன் உம்மா தன் செருப்பைப் பார்த்தாள். நான் வயது எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

"ரெண்டு பேஷண்டா சிஸ்டர்?" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

"ஒருத்தன்தான் டாக்டர். சொல்றவங்க ரெண்டு பேரு."

"சரி, வரச் சொல்லுங்க. எல்லாரும் வேண்டாம்."

எல்லாரும் வந்தார்கள். கதீசக்குட்டி மட்டும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "ஆம்பளைங்க பேசட்டும் சேச்சி," என்றாள். ஆம்பளைகள் பேசினார்கள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். "சில்லு வெளிய போனப்போ, அதை உள்பக்கமா இழுத்துப் பிடிச்சிட்டிருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு. சில்லு திரும்ப இடத்துக்கு வந்திருச்சு, ஜவ்வு வரல. இப்போ எனக்கு வயசு சரியாத் தெரியணும். வயசைப் பொறுத்து எல்லாம் மாறும்."

"எப்படி மாறும்?" அலவிக்குட்டி நாற்காலியை முன்னால் இழுத்தார். "பதினஞ்சு வயசுன்னா சீக்கிரம் ஒட்டிக்கும்ல டாக்டரே? பச்சை உடம்பு. இருபது நாள் போதும்ல?"

"பச்சை உடம்புதான். வளர்ற பசங்களுக்குப் பெரும்பாலும் சில்லுப் பக்கம் கிழியும். சில சமயம் எலும்புத் துணுக்கையும் பிச்சுக்கிட்டு வரும். அதை விடுங்க, சின்ன வயசுல ஒரு தடவை விலகினா பலருக்குத் திரும்பத் திரும்ப விலகும். இன்னும் வளர்றவனா இருந்தா ஆபரேஷனும் பயந்து பயந்துதான் பண்ணணும், வளர்ற இடத்துல துளை போட்டா கால் கோணிரும். பதினஞ்சுன்னா ஒரு வருஷம் பந்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லுவேன்."

அலவிக்குட்டி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தார். "சும்மா கேக்கிறேன் டாக்டரே. பதினேழுன்னா?"

"இது என்ன மீன் மார்க்கெட்டா?"

"இல்ல, ஆளு நல்ல வளர்த்தி, அதான்."

பீரான்குட்டி தொண்டையைச் செருமினார். "அவரு கிடக்காரு. இருபத்திரண்டு டாக்டர். பாஸ்போர்ட் இருக்கு. வளர்ந்த ஆம்பளை. ஒரு பெல்ட்டு போட்டு விட்டா விமானத்துல ஏறிருவான்."

"வளர்ந்த ஆளுக்கு ஜவ்வு தொடை எலும்புப் பக்கம் கிழியும். அங்க வேரோட பிடுங்கிட்டு வந்திருந்தா பெல்ட்டு எதையும் ஒட்ட வைக்காது. வேலைக்குப் போற ஆளு, ஆறு மாசம் கனமா எதுவும் செய்ய முடியாது."

"ஆறு மாசமா?" பீரான்குட்டி குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. பாஸ்போர்ட்ல கொஞ்சம் கூடுதலா விழுந்திருச்சு. இருபதுன்னு வச்சுக்கங்களேன்."

"பதினெட்டு," என்றார் அலவிக்குட்டி, எதிர்ப்பக்கமிருந்து ஏறிக்கொண்டே.

"பதினேழு," என்றார் பீரான்குட்டி, இறங்கிக்கொண்டே.

"இருபத்தொண்ணு."

பத்தொன்பதில் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள். அங்கே ஒரு நொடி நின்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நிமிஷத்தில் செக்ரட்டரி இருபத்திரண்டிலும் எளாப்பா பதினைந்திலும் போய் நின்று, ஒருவர் விட்டு வந்த வயதை மற்றவர் வியர்வையோடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜசீல் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பினான், பந்து பார்ப்பவனைப் போல.

"அப்போ எந்த வயசுதான் நல்லது டாக்டரே?" அலவிக்குட்டி கைவிட்டார்.

"நாற்பது. அந்த வயசுல பலருக்குப் புத்தி வந்து வீட்டுல உக்காந்திருப்பாங்க."

அலவிக்குட்டிக்கு நாற்பத்து மூன்று. அவருக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை.

டாக்டர் பேனாவால் படத்தைத் தட்டினார். "போதும். இங்க பாருங்க. வளர்ற பையன் எலும்பு முனையில குறுக்கே ஒரு கோடு இருக்கும். குருத்து. இங்க அது மூடியாச்சு. இது பதினஞ்சு வயசு முட்டி இல்ல. கிழிசலும் தொடை எலும்புப் பக்கம். வளர்ந்த முட்டி. அடுத்து இதைப் பாருங்க, இந்த வெள்ளைப் புள்ளி. சில்லு திரும்ப உள்ள வந்தப்போ உரசி உடைஞ்ச துணுக்கு. மூட்டுக்குள்ள மிதக்குது. நல்ல பெரிய துணுக்கு, திரும்ப ஒட்ட வைக்கலாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள. ஜவ்வையும் சேர்த்துத் தைக்கணும்."

"விட்டா?" உள்ளே வந்த பிறகு ஜசீல் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"விட்டா அந்தத் துணுக்கு செருப்புக்குள்ள போன கல்லு மாதிரி. நடக்க நடக்க மூட்டை அரைக்கும். முப்பது வயசுல உனக்கு அறுபது வயசு முட்டி. பந்தாட்டம்னு ஒண்ணை மறந்திரலாம்."

இன்னொரு வயதா என்று அலவிக்குட்டி எண்ணியிருக்கலாம்.

"டாக்டரே," என்றார் அவர் மெதுவாக, "இந்தக் கோடு மூடினது, அது ரிப்போர்ட்ல எழுதியிருக்கா?"

"எழுதாம?"

"ஐயோ. அந்த ரிப்போர்ட்டத்தான் நேத்தே கோப்பைக் கமிட்டிக்கு ஃபேக்ஸ் பண்ணச் சொல்லிட்டேன். ஒருவேளை இவனால ஆட முடியலைன்னா, பதிலா வேற ஆளைச் சேர்க்க ஸ்கேன் ரிப்போர்ட் வேணுமாம்."

"படிச்சுப் பாக்கலையா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு டாக்டரே. நல்ல கனமா ரெண்டு பக்கம். நல்லதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அவர் அவசரமாக போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ஃபேக்ஸ் மெஷினில் தாள் தீர்ந்துபோய் இன்னும் அனுப்பவில்லை என்று தெரிந்ததும், தாள் வாங்காமல் விட்டவனுக்கு நீண்ட ஆயுள் வேண்டி துஆ செய்தார்.

பீரான்குட்டி இதற்குள் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தார். "டாக்டர், ஆபரேஷன் வேண்டாம். ஒரு கட்டு போடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வரப்போ சாவகாசமாப் பண்ணிக்கலாம்."

"இடது கால். கிளட்ச் எதுல மிதிப்பான்?"

"அங்க எல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி."

"உங்களுக்கு முட்டி இருக்கா?"

"இருக்கே."

"நல்லது. பத்திரமா வச்சுக்கங்க." டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நாளைக்குக் காலையில தியேட்டர் காலியா இருக்கு. பதினெட்டு முடிஞ்சிருந்தா அவனே கையெழுத்துப் போடலாம். முடியலைன்னா காப்பாளர் போடணும்."

இந்த வார்த்தைக்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பியதில்லை.

"பதினஞ்சு," என்றார் பீரான்குட்டி. "காப்பாளர் நான். எனக்குச் சம்மதமில்ல."

ஜன்னல் பக்கமிருந்து அலவிக்குட்டி திரும்பினார். "அதைத்தானே முதல்லயிருந்து நான் சொல்றேன். பதினஞ்சுதான்."

மூன்று நாளாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அலவிக்குட்டி ஃபைலைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்தார். நீல முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, எல்லாம் அசலைவிட அழகாக இருந்தது. பீரான்குட்டி அதை வாங்கி டாக்டரின் மேஜையில் வைத்தார். தன் அலமாரியில் உள்ள பாஸ்போர்ட்டைப் பொய்யாக்கும் தாளை அவரே கையால் தடவி நேராக்கினார்.

"எலும்பு பதினஞ்சு இல்லைன்னு சொல்லுது," என்றார் டாக்டர்.

"எலும்புல முத்திரை இருக்கா டாக்டர்? இதுல இருக்கு."

டாக்டர் தாளையும் படத்தையும் பார்த்தார். எனக்கு அவரைத் தெரியும். கத்தியை எடுக்கக் கை பரபரத்தாலும், முத்திரை போட்ட தாள் எதிரே கிடக்கும்போது காப்பாளர் மாட்டேன் என்றால் எடுக்க மாட்டார். போன வருஷம்தான் ஒரு சொந்தக்காரர் கூட்டம் வந்து முன்கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனது.

"தம்பி," என்றார் அவர் ஜசீலிடம். "உன் வயசு என்ன? நீ சொல்லு."

ஜசீல் எளாப்பாவைப் பார்த்தான். அந்த வீட்டில் அவர் இருக்கும்போது அவன் உரக்கச் சிரித்தது கூட இல்லை. செக்ரட்டரியைப் பார்த்தான். ஊரே இறுதி ஆட்டத்துக்கு ஜீப்பில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டிருந்தது.

"யோசிச்சுச் சொல்லு மோனே," என்றார் பீரான்குட்டி. "விசா போனா இன்னொண்ணு வராது. உன் உம்மாவுக்குச் சோறு போடறது பந்து இல்ல."

"மூணு ஆட்டம் ஜெயிச்சு வந்திருக்கோம்டா," என்றார் அலவிக்குட்டி. "வாயைத் திறந்தேன்னா மூணும் போச்சு. உன்னையும் மத்த ஆறு பேரையும் ரெண்டு வருஷம் தள்ளி வச்சிருவாங்க."

நான் வராந்தாவுக்கு வந்தேன். கதீசக்குட்டி பெஞ்சிலிருந்து எழுந்து கதவருகே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"சேச்சி, அந்தத் துணுக்கைச் சரி பண்ணலைன்னா அவனால தொழுகையில மடங்கி உக்காந்து நிஸ்கரிக்க முடியுமா?"

"கொஞ்ச வருஷம் முடியும். அப்புறம் நாற்காலிதான்."

அவள் முக்காட்டை இழுத்துச் செருகினாள். கதவைத் திறந்து உள்ளே வந்தாள். ஆம்பளைகள் இரண்டு பேரும் ஏதோ தவறான பஸ் வந்து நின்ற மாதிரி பார்த்தார்கள்.

"பத்தொன்பது," என்றாள்.

"நீ வெளிய இரு கதீசா," என்றார் பீரான்குட்டி.

"இருந்தேன். பத்தொன்பது டாக்டர். நான்தான் பெத்தேன், அன்னைக்கு இவங்க ரெண்டு பேருமே அங்க இல்ல."

"வாயால சொன்னா ஆச்சா? தாள் இருக்கா?" பீரான்குட்டி புன்னகைத்தார். "பொறந்த தேதி போட்ட ஸ்கூல் புக்கு ஏஜெண்ட்கிட்ட இருக்கு. அவன் பம்பாயில இருக்கான்."

தாள் கதீசக்குட்டியிடம் எப்போதுமே இருந்ததில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒன்றும் செய்ய முடியாதபோது செய்யும் வேலை அது.

"எங்கிட்ட இருக்கு," என்றான் ஜசீல்.

எல்லாரும் திரும்பினோம். அவன் இடுப்பை ஒருக்களித்து, பின்பக்கப் பையிலிருந்து பர்ஸை எடுத்தான். முட்டி அசைந்ததில் முகம் வெளுத்தது. பர்ஸிலிருந்து ஒரு அட்டையை உருவி டாக்டரிடம் கொடுத்தான்.

"ஓட்டர் கார்டு," என்று வாசித்தார் டாக்டர். "வயசு பத்தொன்பது. அட, அரசாங்க முத்திரையே இருக்கு."

"இது எங்கேருந்துடா வந்துச்சு?" பீரான்குட்டி எழுந்துவிட்டார்.

"அலவிக்காதான் எடுத்துக் கொடுத்தாரு எளாப்பா. பஞ்சாயத்து எலெக்ஷனுக்கு. ஓட்டு குறையுதுன்னு எங்க டீம்ல ஏழு பேருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்து, அவரே ஜீப்புல கூட்டிட்டுப் போய் வரிசையில நிறுத்தினாரு. போன மாசம் சிம் கார்டு வாங்க இதைத்தான் காட்டினேன்."

பீரான்குட்டி மெல்லத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நோக்கித் திரும்பினார். "பந்துக்குப் பதினஞ்சு, ஓட்டுக்குப் பத்தொன்பதா?"

"நீங்க விமானத்துக்கு இருபத்திரண்டு பண்ணலையா?"

"அது குடும்பத்துக்காக."

"இது ஊருக்காக."

"நாலு ஓட்டுல ஜெயிச்ச வார்டு மெம்பருக்காக."

"ஆறு," என்றார் அலவிக்குட்டி, ரோஷத்தோடு.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க," என்றார் டாக்டர். "இங்க ஒரு பெரிய ஆளு கையெழுத்துப் போடணும்."

நான் தாளை அட்டையில் வைத்து ஜசீலிடம் நீட்டினேன். பேனாவை வாங்கியவன் உடனே எழுதவில்லை. இந்தத் தாளில் எழுதினால் கோப்பை போகும், விசா போகும், எளாப்பா வீட்டில் நாளை முதல் சோற்றுத் தட்டு எந்தச் சத்தத்தோடு வந்து விழும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"டாக்டர், பண்ணினா கண்டிப்பா ஆட முடியுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். துணுக்கு ஒட்டணும், ஜவ்வு பிடிக்கணும், நீ ஆறு மாசம் சொன்னதைக் கேக்கணும். கடைசிதான் சந்தேகம்."

"பண்ணலைன்னா?"

"அதுக்குச் சத்தியமே பண்ணுவேன்."

அவன் உம்மாவைப் பார்த்தான். "சவுதி போச்சு உம்மா."

"போகட்டும். அது அங்கேயேதான் இருக்கும்."

கையெழுத்துப் போட்டான். வயது என்ற இடத்தில் பத்தொன்பது என்று எண்ணில் எழுதி, பக்கத்தில் எழுத்திலும் எழுதினான். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

பீரான்குட்டி வெளியே போனார். போகும்போது மேஜையில் கிடந்த பிறப்புச் சான்றிதழை மட்டும் மறக்காமல் நான்காய்க் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் அந்த வீட்டுக்குச் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று இப்போதும் சொல்லுவேன்.

அலவிக்குட்டி போகவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். கோபம் எல்லாம் இறங்கி, நிஜமாகவே ஒரு ஆள் தொலைந்துபோன மாதிரி முகம்.

"ஃபைனலுக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

"இன்னும் கமிட்டிக்குத் தெரியாதுல்ல அலவிக்கா. எனக்குப் பதிலா நிஜமாவே பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தனைச் சேர்த்துக்கங்க."

அலவிக்குட்டி ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். கடைசித் தாள் வரை போய்த் திரும்பி முதல் தாளுக்கு வந்தார்.

"நம்ம கிளப்புல அப்படி யாரும் இல்லையேடா," என்றார்.